பற்று வரவு

ஓரூரில் பிறந்து வளர்ந்த இருவர் நெடுநாள் கழித்து வேற்றூரில் சந்தித்தால், அவர்தம் பேச்சு எங்கே போய் நிற்கும்? உடல்நலம், பிள்ளைகள், தொழில் என்பனவெல்லாம் சிறிது நேரத்தில் பேசித் தீர்ந்துவிடும். அதன்பின், “அந்தக் கடை இன்னும் இருக்கிறதா?” என்று ஒருவர் கேட்பார். “எந்தக் கடை? மூலையில் இருந்ததா, அதற்கு அடுத்ததா?” என்று மற்றவர் தொடங்குவார். ஒருவர் விட்டதை ஒருவர் நிரப்ப, ஒருவர் பிழைபடச் சொன்னதை மற்றவர் திருத்த, இடிந்து மறைந்த தெரு ஒன்று அரைமணி நேரத்தில் வாய்மொழியாலேயே மீண்டும் எழுந்து நிற்கும். தஞ்சோங் மாலிமைச் சேர்ந்த முதியோர் இருவர் சேரும் இடமெல்லாம் இக்காட்சியைக் காணலாம். அருகிருக்கும் இளைஞர், வயதானோரின் பொழுதுபோக்கு என்று புன்னகை புரிவர்.

இது பொழுதுபோக்குத்தானா? மறைந்த கடையை நினைந்து பேசுவதில் அறம் என்று ஒன்று உண்டா? உண்டெனில், நினைவுகூர்வோர் யாருக்குக் கடமைப்பட்டவர்? அற்பமான வினாவாகத் தோன்றினும், ஊர் என்பது யாது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியிருக்கிறது.

பேராக் மாநிலத்தின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றின் கரையில் அமைந்தது தஞ்சோங் மாலிம். பாலத்தைக் கடந்தால் சிலாங்கூர். அக்கரை ஊர் உலு பெர்ணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருப்புப்பாதை இவ்வூர் வழியே சென்றது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையும் ஊரின் நடுவே சென்றது. பயணிகள் வண்டியை நிறுத்தி இளைப்பாறும் இடமாக ஊர் அமைந்ததால், கடைகள் பெருகியது இயல்பே. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர் 1926இல் தொடங்கிய யிக் முன் உணவகத்தின் ஆவி பறக்கும் பாவ், ஊரின் பெயரோடு சேர்த்தே சொல்லப்படும் அளவுக்குப் புகழ் பெற்றது. ஹைனானியர் மலாயாவுக்குப் பிற சீனரைவிடப் பிந்தி வந்தவர்கள். ஈயமும் பெருவணிகமும் முன்னவர் கைகளில் இருந்தமையால், இவர்களுள் பலர் வெள்ளையர் வீடுகளில் சமையற்காரராயினர். பின்னர் அக்கைத்திறனைக் கொண்டு கோப்பிக் கடை வைத்தனர். சர்க்கரையும் வெண்ணெய்க் கொழுப்பும் இட்டுக் கருக வறுத்த கொட்டை, நீண்ட துணி வடிகட்டி, சலவைக்கல் மேசை, வளைந்த மரநாற்காலி என்று நாடெங்கும் ஒரே சாயலில் அக்கடைகள் தோன்றிய வரலாறு இதுவே. தமிழகக் கரையோரத்திலிருந்து வந்த முஸ்லிம்களின் ரொட்டி சானாய்க் கடைகள் ஒரு பக்கம். ஐந்தடிப் பாதையில் சாய்ப்பு இறக்கிய ஒட்டுக்கடைகள் ஒரு பக்கம். அரிசி மூட்டையும் கருவாடும் மண்ணெண்ணெயும் மணக்கும் மளிகைக் கடைகள் ஒரு பக்கம்.

இவ்வூர்க் கடைகளுக்கு வந்தோர் மூவகையினர். வழிப்போக்கர் முதல் வகையினர். அடுத்தவர் ஆசிரியர். 1922இல் இங்கு நிறுவப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய் ஆசிரியர்களைப் பல தலைமுறைகளாக உருவாக்கி, 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. இன்று அங்கே தமிழ் பயின்று ஆசிரியராவோரும் உளர். 2016இல் தஞ்சோங் மாலிமைத் தலைநகராகக் கொண்டு அமைந்த மாவட்டத்திற்கு முஅல்லிம் என்றே பெயர் சூட்டினர். ஆசிரியர் என்பது அவ்வரபுச் சொல்லின் பொருள். நாட்டின் மூலைமுடுக்குகளில் வாழும் எத்தனையோ ஆசிரியர்களின் இளமை நினைவில் இவ்வூர்த் தேநீர்க் கடை ஒன்று இருக்கும். மூன்றாம் வகையினர், சுற்றிலும் விரிந்திருந்த பால்மரத் தோட்டங்களின் தொழிலாளர். கத்தோயாங் முதலிய தோட்டங்களிலிருந்து சம்பள நாளன்று ஊருக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தமிழர்.

பின்னர் மாற்றம் வந்தது. 1994இல் வடக்குத் தெற்கு விரைவுச்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. ஊருக்குள் நுழையாமலே வண்டிகள் பறந்தன. வழிப்போக்கர் போயினர். பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, செம்பனைக்கு ஆள் குறைவு, லயங்கள் வெறுமையாயின. தொழிலாளர் போயினர். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீக்கப்பட்டு, 1999ஆம் ஆண்டோடு இடைக்காலப் பாதுகாப்பும் முடிந்தபோது, 1948க்கு முற்பட்ட கட்டடங்களில் குறைந்த வாடகையில் கடை நடத்தியோர்க்கு நாடு முழுவதும் நெருக்கடி ஏற்பட்டது. 2003இல் புரோட்டோன் கார்த் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியதும் ஊரின் நடுப்புள்ளியே நகர்ந்தது. 2009இல் கோலாலம்பூர்ப் புறநகர் மின்தொடர்வண்டி இங்கு வரை வந்தது. இவையெல்லாம் கேடு என்று கூறுவார் யாருமிலர். வேலை வந்தது, கல்வி வளர்ந்தது, லயத்துப் பிள்ளைகள் பட்டம் பெற்றனர். ஆயினும் பழைய கடைகளைப் பற்றிய பேச்சு குறையவில்லை, கூடியது.

அவிசாய் மார்கலிட் என்னும் மெய்யியலாளர் 2002இல் வெளியிட்ட தம் நூலில், நினைவின் அறத்தை ஆராய்கிறார். ஒரு நிகழ்ச்சியைக் கண்ட பலரும் அவரவர் தனித்தனியே நினைவில் வைத்திருந்தால் அது பொது நினைவு. அவர்கள் கூடிப் பேசி, வெவ்வேறு இடங்களில் நின்று கண்டவற்றை ஒன்றோடொன்று இணைத்துச் சரிபார்த்தால் அது பகிர்ந்த நினைவு. பின்னது வெறும் கூட்டல் அன்று. அங்கே நினைப்பதும் ஒரு கூட்டுழைப்பு ஆகிவிடுகிறது. இவ்வேறுபாடு நுட்பமானது. மூலையில் இருந்த கடையை ஆயிரம்பேர் நினைவில் வைத்திருக்கலாம். அதனால் மட்டும் அந்நினைவு ஊரின் நினைவாகிவிடாது. சலவைக்கல் மேசையில் அமர்ந்தவர் கண்ட கடை ஒன்று. அடுப்பின் பின்னே நின்றவர் கண்ட கடை ஒன்று. வாசலோடு திரும்பியவர் கண்ட கடை மற்றொன்று. இம்மூன்றும் சேர்கின்றனவா?

பெரும்பாலும் சேர்வதில்லை. கடையை நினைந்து உருகிப் பேசுவோர் யாவரும் உள்ளே அமர்ந்திருந்தவர்களே. கோப்பிக் கடை நெடுங்காலம் ஆண்களின் இடமாகவே இருந்தது. அதிகாலையில் பால் வெட்டி, வாளி சுமந்து, வீடு திரும்பி அடுப்பு மூட்டிய தோட்டத்துப் பெண் அங்கே அமர்ந்து ஓய்வாகக் கோப்பி பருகியது அரிது. அவளுடைய நினைவில் இருக்கும் கடை, கணவனின் சம்பளம் வீடு வந்து சேர்வதற்கு முன் நின்றுவிடும் இடம். கோப்பிக் கடையைவிடக் கள்ளுக்கடைக்கே இது மிகப் பொருந்தும். தமிழகத்துச் சிற்றூர்த் தேநீர்க் கடையை நினைந்து ஏங்குவோரும், ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிக் குவளை வைத்த இரட்டைக் குவளைக் கொடுமையை அங்கே நினைப்பதில்லை. அதே கடை, அதே கூரை, அதே பாய்லர். நின்ற இடம்தான் வேறு. மலாயாவின் சிற்றூர்க் கடையில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் அடுத்தடுத்த மேசைகளில் அமர்ந்தது மெய்யே. அது போற்றத்தக்க பேறும் ஆகும். ஆயினும் உண்ணத்தக்கது, தகாதது என்னும் வரம்புகள் அன்றும் இருந்தன. அவற்றை மறைத்து, எல்லாரும் ஒரே தட்டில் உண்டதைப் போலப் பேசுவது அன்பின் மிகுதியால் எழும் பொய்.

மளிகைக் கடைக்கு வருவோம். ஊரின் அறவாழ்வு மெய்யாகவே அரங்கேறிய இடம் அதுதான். தோட்டத் தொழிலாளிக்கு மாதத்தில் சம்பள நாள் ஒன்று. அடுப்பு எரியும் நாளோ முப்பது. மழை பெய்தால் மரம் வெட்ட இயலாது. இலையுதிர் மாதங்களில் பாலும் குறையும். இந்த இடைவெளியை நிரப்பியது கடைக்காரரின் கணக்கேடு. அரிசி, பருப்பு, மிளகாய், மீன்டின், தீபாவளித் துணி ஆகியன முதற்கொண்டு, ஆபத்துக்கு வேண்டிய ரொக்கம் வரை யாவும் அதில் ஏறும். சம்பள நாளன்று கழியும், முழுவதும் கழிவதில்லை. மீதி அடுத்த மாதத்துக்குச் செல்லும். தந்தையின் பற்றை மகன் தீர்த்த குடும்பங்களும் உண்டு. கையெழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை, அடகும் இல்லை. வங்கி வாசலை மிதித்தறியாத ஒரு மக்கட்கூட்டத்தை முகம் பார்த்து நம்பிய ஏற்பாடு இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் இதற்கும் மறுபக்கம் உண்டு. கடனுக்கு வாங்குபவர் விலை கேட்க மாட்டார். தரமும் பார்க்க மாட்டார். வேறு கடைக்குப் போகவும் இயலாது. பழைய பாக்கி காலைக் கட்டும். எழுத்தறியாத தொழிலாளிக்கு, எழுதியவரை நம்புவதைவிட வேறு வழி இல்லை. நம்பிக்கை என்று பேரன்மார் போற்றுவதைப் பாட்டன்மார் கதியின்மை என்று உணர்ந்திருக்கவும் கூடும். இரண்டும் ஒரே ஏட்டில் ஒரே மையால் எழுதப்பட்டவை.

கடைக்காரரின் பக்கமும் எளிதன்று. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்து, பல்லாயிரம் தொழிலாளர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, அவர்களின் பாக்கி யாரிடம் வசூலாகியிருக்கும்? 1945இல் சப்பானியர் தோற்றதும் அவர்கள் அச்சடித்த வாழைமர நோட்டு வெறுங்காகிதமாயிற்று. பெட்டி நிறைய அதை வைத்திருந்தவர் வெறுங்கையராயினர். 1969க்குப் பின் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சிவப்பு அடையாள அட்டையோடு வாழ்ந்த தமிழர் பல்லாயிரவர் கப்பலேறினர். புறப்படுமுன் பாக்கியைத் தீர்க்கக் காதுத்தோட்டைக் கழற்றிக் கொடுத்தவரும் இருந்திருப்பர். சொல்லாமல் போனவரும் இருந்திருப்பர். அழைத்து நிறுத்தாமல் ஏட்டை மூடியவரும் இருந்திருப்பர். இவற்றை எந்த வரலாற்று நூலும் கணக்கெடுத்ததில்லை.

தமிழில் ‘பற்று’ என்னும் சொல் கணக்கேட்டில் கடனைக் குறிக்கும்; நெஞ்சில் அன்பைக் குறிக்கும். பழைய கடைகளைப் பற்றிப் பேசுவோர் இரண்டாம் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு முதற்பொருளைக் கைவிடுகின்றனர். அவ்வாறு கைவிட்ட அன்பு இனிப்பாக இருக்கும், உண்மையாக இராது. கடையிடமிருந்து பெற்றது எது, கடைக்குக் கொடுத்தது எது, யாருக்கு எது இன்னும் தரப்படாமல் நிற்கிறது என்று கேட்கும்போதுதான் நினைவு அறத்தின் எல்லைக்குள் வருகிறது.

தஞ்சோங் மாலிமின் கடைகளைப் பற்றிய பேச்சில் அரிதாகவே இடம்பெறும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. அவசரகாலத்தின்போது, 1952 மார்ச் மாதத்தில், ஊருக்குக் குடிநீர் கொண்டுவரும் குழாய் வெட்டப்பட்டது. அதைச் செப்பனிடச் சென்ற குழுவைக் கம்யூனிஸ்டுகள் மறைந்திருந்து தாக்கினர். உதவி மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர் உள்ளிட்ட பன்னிருவர் மாண்டனர். இரண்டாம் உலகப்போரில் செருமானியச் சிறைமுகாமிலிருந்து மரக்குதிரை உத்தியால் தப்பிப் புகழ்பெற்றவர் கோட்னர். புதிதாகப் பொறுப்பேற்றிருந்த உயர் ஆணையர் ஜெரால்டு டெம்ப்ளர் ஊருக்கு வந்தார். ஊர்ப்பெரியோரைக் கூட்டிக் கடிந்துரைத்தார். நாள்தோறும் 22 மணி நேர ஊரடங்கு விதித்தார். எஞ்சிய இரண்டு மணி நேரமே கடைகள் திறந்திருக்கும். அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. பள்ளிகள் மூடப்பட்டன. குற்றம் செய்தவர் சிலர், தண்டனை ஊருக்கெல்லாம்.

அடுத்து நடந்ததுதான் நினைவைப் பற்றிய ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியது. வீடுதோறும் ஒரு வினாத்தாள் வழங்கப்பட்டது. கம்யூனிஸ்டுகளுக்கு உணவோ பணமோ கொடுப்பவர் யார் என்று தெரிந்ததை எழுத வேண்டும். பெயர் எழுத வேண்டியதில்லை. தாள்கள் பூட்டிய பெட்டிகளில் இடப்பட்டன. அப்பெட்டிகள் கோலாலம்பூருக்குக் கொண்டு செல்லப்பட்டு, ஊர்ப் பிரதிநிதிகளின் முன்னிலையில் டெம்ப்ளரால் திறக்கப்பட்டன. பின்னர்க் கைதானவர்களுள் கடைக்காரர்களும் இருந்தனர். இரண்டு வாரங்களில் ஊரடங்கு தளர்ந்தது. கூட்டுத் தண்டனை முறையா என்று பிரிட்டனிலேயே கண்டனக் குரல்கள் எழுந்தன.

அண்டை வீட்டாரைப் பற்றி அறிந்ததை எழுதுவதும் நினைவுகூர்தலே. எனினும் அது பகிர்ந்த நினைவு ஆகுமா? ஆகாது. பெயரின்றி எழுதப்பட்டது; பூட்டப்பட்டது; அயலான் ஒருவன் மட்டும் படித்தான். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுத் திருத்த வழியில்லை. எழுதப்பட்டவர் மறுத்துச் சொல்லவும் வழியில்லை. ஊரடங்கு நீங்கியபின் அதே மக்கள் அதே கடைகளுக்குத் திரும்பியிருக்க வேண்டும். வேறு கடைகள் இல்லை. தன்னைப் பற்றி யார் எழுதினார் என்று கல்லாவில் அமர்ந்தவரும், தான் எழுதியது தெரிந்துவிட்டதோ என்று அரிசி வாங்க வந்தவரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்தனர்? அக்கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் இப்போது மிகச் சிலரே இருப்பர். காட்டுக்கு அரிசி கொடுத்தவர் கொள்கையால் கொடுத்தாரா, கழுத்தில் கத்தி இருந்ததால் கொடுத்தாரா என்பதையும் அந்தத் தாள் கேட்டிராது. பாவின் சுவையைப் பேசுகின்ற ஊர் இந்த இரண்டு வாரங்களைப் பேசாதது தற்செயல் அன்று. பேசினால் உறவு குலையும் என்று அஞ்சிக் காத்த மௌனம் அது. அக்காலத்தில் அம்மௌனத்திற்கு ஓர் அறமும் இருந்தது. கூடி வாழ்வதற்கு மறதியும் சில வேளைகளில் வேண்டும். எழுபது ஆண்டுகள் கடந்தபின்னும் அதே மௌனம் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

இதற்கு மறுப்பும் உண்டு. “கடந்ததைக் கிளறுவானேன்? இனியதை மட்டும் நினைத்தால் என்ன குறை?” என்பர். இனியதை நினைப்பது குற்றமன்று. ஆனால் இனிய நினைவு பிறர்மீது உரிமை கோரத் தொடங்கும்போது சிக்கல் எழுகிறது. பழைய கோப்பிக் கடை மூடப்பட்டது என்று கேட்டதும், நகரத்துக்குக் குடிபெயர்ந்து ஆண்டுக்கொருமுறை தீபாவளிக்கு மட்டும் ஊர் திரும்புபவர், கடைக்காரரின் மக்களைக் குறை கூறுவார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பு மூட்டும் வாழ்வை அவர் தம் மகனுக்கு விரும்புவாரா? பால் வெட்டும் கத்தியைத் தம் பிள்ளை தொடக்கூடாது என்று வைராக்கியம் கொண்ட பெற்றோரைத் தமிழர் போற்றுகின்றனர். அதே வைராக்கியத்தை ஹைனானியர் ஒருவர் தம் மகனுக்காகக் கொண்டால் மட்டும் மரபு அழிகிறது என்று வருந்துகின்றனர். மேலும், வருந்துவோரின் வீட்டுச் சாமான்கள் எந்தப் பேரங்காடியிலிருந்து வருகின்றன என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. கடையை மூடியவர் கடைக்காரர் மட்டுமல்லர்.

அரசுகளும் உலக அமைப்புகளும் காப்பதற்கு முன்வருகின்றன. பயிற்சிக் கல்லூரியின் பழங்கட்டடமாகிய சுலோ புடிமான் 2009இல் தேசிய மரபுடைமையாயிற்று. 2024 டிசம்பரில் மலேசியக் காலையுணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரேக் யாவும் அதில் பெருமை பெற்றன. மகிழத்தக்கதே. எனினும் பட்டியலில் ஏறுவது தேநீர்தான்; பற்றுக் கணக்கு ஏறாது. தமிழ் மாணவர்க்கு இதில் வியப்பு இராது. புகார் நகரைக் கடல் கொண்டபின்னும் அதன் கடைவீதிகள் இலக்கியத்தில் வாழ்கின்றன. சிலப்பதிகாரம் அரசன் கோயிலை மட்டும் பாடி அமையவில்லை; கூலம் விற்போரையும் மீன் விற்போரையும் பிட்டு விற்போரையும் தெருத்தெருவாகக் காட்டியது. எந்தத் தெருவில் யார் எதை விற்றார் என்று அறிய முடிகிறது. யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார் என்பது மட்டும் தெரியவில்லை. அது காப்பியத்தின் வேலையும் அன்று.

தொடக்கப்பள்ளியில் “எங்கள் ஊர்” என்று தலைப்புக் கொடுத்தால், இயற்கை எழில் கொஞ்சும் ஊர் என்றுதான் பெரும்பாலான கட்டுரைகள் தொடங்கும். பிள்ளைகள்மீது பழியில்லை, அப்படித்தான் கற்பிக்கப்படுகிறது. அதற்கு மாறாக, பாட்டி எந்தக் கடையில் அரிசி வாங்கினார், பாக்கி எப்போது தீர்ந்தது என்று கேட்டு எழுதச் சொன்னால், தஞ்சோங் மாலிமில் சில குடும்பங்களிலேனும் விடை கிடைக்கும். பாட்டி முதலில் கடைக்காரர் கொடுத்த வெல்லக்கட்டியைச் சொல்வார். சற்றுப் பொறுத்துக் கேட்டால், ஏட்டில் இரண்டு முறை எழுதப்பட்ட ஒரு மூட்டை அரிசியைச் சொல்லக்கூடும்; தாம் தராமல் விட்ட ஐந்து வெள்ளியையும் சொல்லக்கூடும். அக்கடைக்காரரின் பேரன் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருப்பான். அவன் வீட்டில் பழைய ஏடு ஏதேனும் எஞ்சியிருந்தால், அது சீன எழுத்தில் இருக்கும். முனியம்மா என்னும் பெயரை அவ்வெழுத்தில் எவ்வாறு எழுதினார்கள், அதற்கு எதிரே என்ன தொகை நிற்கிறது என்பதை அவன்தான் படித்துச் சொல்ல வேண்டும்.